பேகடாவில் ஒரு குக்கர் விசில்

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் கொத்தமல்லி வாங்கிக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தேன். எங்கள் லேஅவுட்டின் சமுதாயக்கூடத்து வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. மாடியில் யாரோ கீபோர்டைத் தட்டிச் சுருதி பார்த்தார்கள். பிறகு பெண்கள் பாட ஆரம்பித்தார்கள்.

"மலை தாண்டிப் போன மேகமே..."

நின்றுவிட்டேன். கொத்தமல்லிக் கட்டிலிருந்து தண்ணீர் சொட்டி என் பாதத்தில் விழுந்தது நினைவிருக்கிறது. நகர்ந்து நிற்கத் தோன்றவில்லை.

எனக்குத் தெரிந்த பாட்டு. எனக்கு மட்டுமே தெரிந்த பாட்டு என்று அந்த நிமிடம் வரை நினைத்திருந்தேன். ஏனென்றால் அதை எழுதி மெட்டுப் போட்டவள் நான்.

"மனசு மாறித்..." என்று மேலே ஏறி, அங்கே நிறுத்தினார்கள். எல்லோரும் ஒன்றாக. கீபோர்டும் நின்றது. ஒரு தட்டு சும்மா போனது. அப்புறம் அத்தனை பேரும் சேர்ந்து, மிகுந்த பக்தியோடு, "ஹ்க்கும்" என்று தொண்டையைக் கனைத்தார்கள். கனைத்துவிட்டு, "திரும்புவாயோ" என்று இறங்கினார்கள்.

நான் போட்ட பாட்டில் நிறுத்தம் கிடையாது. கனைப்பு நிச்சயமாகக் கிடையாது.

கொத்தமல்லியைப் படிக்கட்டின் கைப்பிடிச் சுவரில் வைத்துவிட்டு யோசித்தேன். எனக்கு எதையும் வரிசையாக யோசித்துத்தான் பழக்கம். இந்தப் பாட்டு இவர்களுக்கு எப்படிக் கிடைத்தது? யாரைக் கேட்டு எடுத்தார்கள்? கனைப்பு எங்கிருந்து வந்தது? கடைசிக் கேள்விக்குத்தான் முதலில் பதில் கிடைத்தது. அதைச் சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

யாருடையது?

இந்தத் தொடரை வாராவாரம் படிப்பவர்களுக்கு என் ஊர் தெரியும். மற்றவர்களுக்காக: ராமாபுரம். ஹனூருக்கு அந்தப் பக்கம். இருப்பது கர்நாடகத்தில், பேசுவது தமிழில். அப்பாவுக்கு நிலக்கடலை வியாபாரம். வீட்டில் சங்கீதம் கிடையாது, ரேடியோ இருந்தது. பள்ளிக்கூடத்தில் நான் பாடியதைக் கேட்ட யாரோ ஒருவர், இந்தப் பெண்ணை மைசூரில் சங்கீதம் படிக்க வையுங்கள் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டார். டாக்டருக்குப் படிப்பது போல அதுவும் ஏதோ ஒரு படிப்பு என்று நினைத்து அப்பாவும் அனுப்பிவிட்டார்.

கல்லூரியில் என்னோடு படித்தவர்கள் எல்லோரும் வர்ணம் பாடிக்கொண்டே பிறந்தவர்கள். என் பாட்டில் குறை கண்டுபிடிக்கச் சிரமப்பட்டார்கள். என் தமிழில் சுலபமாகக் கண்டுபிடித்தார்கள். நான் 'ரொம்ப' என்பதை எங்கள் ஊர் வழக்கப்படி 'நெம்ப' என்பேன். "பாக்கியம், பாக்கியம், இன்னொரு தடவை அதைச் சொல்லேன்" என்று கெஞ்சுவார்கள். அவர்கள் பேசியதில் பாதி கன்னடம், கால்வாசி இங்கிலீஷ். மிச்சமிருந்த கால்வாசித் தமிழை வைத்துக்கொண்டு என்னைத் திருத்தினார்கள்.

அங்கே சொல்லித்தந்தது பாடுவதற்கு. பாட்டுப் போடுவதற்கு அல்ல. பாட்டுப் போட்டவர்கள் எல்லோரும் காலமாகிவிட்டார்கள், படம் மாட்டியாகிவிட்டது, படங்களுக்கு மாலையும் போட்டாகிவிட்டது. புதிதாக ஒருவர் அந்த வரிசையில் சேர வேண்டுமானால் முதலில் செத்தாக வேண்டும் என்பது பாடத்திட்டத்தில் எழுதாமல் விட்ட விதி.

கடைசி வருடத் தேர்வில், விருப்பமான பாடல் ஒன்றைப் பாடச் சொன்னார்கள். நானே போட்ட ஒரு பல்லவியைப் பாடினேன். தேர்வாளர் கண்ணை மூடிக் கேட்டார். தலையை ஆட்டினார். முடிந்ததும், "சென்னாகிதேம்மா, நல்லா இருக்குது! யாருது இது?" என்றார்.

"என்னுதுங்க சார்."

கண் திறந்தது. தலையாட்டல் நின்றது. "ஓ" என்றார். கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிவிட்டு, "நிஷாதம் கொஞ்சம் பிசகுது, நோடு" என்றார். இறந்துபோன யாராவது ஒருவர் பெயரைச் சொல்லியிருந்தால் அந்த நிஷாதம் பிசகியிருக்காது.

அதற்குப் பிறகு அந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு ஓர் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். எந்தப் பட்டமானாலும் போதும் என்றுதான் விளம்பரம். எந்தப் பட்டமானாலும் என்பதில் சங்கீதப் பட்டமும் அடங்கும் என்பதை அங்கே ஒருவரும் நம்பவில்லை. விளம்பரத்தைப் படித்துக்காட்ட வேண்டியிருந்தது. சேர்ந்த நாள் முதல் அலுவலக விழாக்களில் கடவுள் வாழ்த்து என் பொறுப்பு. மைக் வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்கு அங்கே அதுதான் முறை. நான் பாடி முடிக்கும்போது மைக்கைச் சரிசெய்து முடித்திருப்பார்கள்.

வெண்டைக்காயும் கேள்வி ஞானமும்

பாடுவதை விட்டேன். கேட்பதை விடவில்லை.

தினம் காலையில் காபி குடித்து முடித்த பிறகு, குடித்துக்கொண்டே அல்ல, நாற்காலியில் உட்கார்ந்து ஒரே ஒரு பாட்டைக் கேட்பேன். முடிந்ததும் டைரியில் அதைப் பற்றி ஒரு வரி. வேறு வேலை எதுவும் அப்போது கிடையாது. "சங்கீதம் இல்லாமல் எனக்குச் சமையலே ஓடாது" என்று பெருமையாகச் சொல்கிறவர்களை எனக்குத் தெரியும். வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே கேட்கிறவர்கள் பாட்டையும் கேட்பதில்லை, வெண்டைக்காயையும் ஒழுங்காக நறுக்குவதில்லை. அவர்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் சொல்கிறேன்.

மைசூரில் சங்கீதத்துக்குப் பஞ்சமில்லை. பிள்ளையார் சதுர்த்தி தொடங்கி தசரா முடியும் வரை எந்தத் தெருவில் திரும்பினாலும் ஒரு பந்தலில் யாராவது பாடிக்கொண்டிருப்பார்கள். கேட்கிறவர்களுக்குத்தான் பஞ்சம். தொடையில் தாளம் போடுகிற ஒருவரை எல்லாக் கச்சேரியிலும் பார்க்கலாம். அவர் கை எப்போதும் ஒரு தட்டு தாமதமாக விழும். விழுந்தவுடன் தன்னை யார் கவனித்தார்கள் என்று இரண்டு பக்கமும் பார்ப்பார். சென்ற வருடம் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு பெண்மணி போனைப் பாடகரை நோக்கி நீட்டினார். அதில் இருந்த ஏதோ ஒரு ஆப் ராகத்தின் பெயரைச் சொன்னது. என்னிடம் காட்டிப் பெருமையாகச் சிரித்தார். ஆப் சொன்ன ராகம் தப்பு. நான் திருத்தவில்லை. அந்தப் போனும் அவரும் ஒருவருக்கொருவர் பொருத்தமாகவே இருந்தார்கள்.

இத்தனை வருடத்தில் பாட்டு எதுவும் போடவில்லையா என்றால், போட்டேன். பல பல்லவிகள் பாதியில் நின்றன. முழுதாக முடிந்தது ஒன்றுதான்.

மழை பெய்யாத ஒரு வருடம், ராமாபுரத்திலிருந்து பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தேன். மேகங்கள் எங்கள் பக்கம் ஒரு சொட்டு விடாமல் மாதேஸ்வரன் மலையைத் தாண்டி அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தன. பஸ்ஸில் இருந்த எல்லோரும் ஜன்னல் வழியாக அண்ணாந்து பார்த்துத் திட்டினார்கள். அங்கே தோன்றியதுதான் அந்த முதல் வரி.

மழைப் பாட்டு என்றதும் எல்லோரும் ஓடிப்போய்த் தொடுகிற ராகம் ஒன்று இருக்கிறது. அதை நான் தொடவில்லை. பேகடாவில் போட்டேன். பேகடாவில் நி, அதாவது நிஷாதம் என்கிற ஸ்வரம், வழக்கமான இடத்துக்குக் கொஞ்சம் கீழே நிற்கும். உள்ளே வரலாமா வேண்டாமா என்று வாசலில் தயங்குகிற விருந்தாளி மாதிரி. திரும்பி வருமா வராதா என்று தெரியாத மேகத்துக்கு அதைவிடப் பொருத்தமான ஸ்வரம் எனக்குக் கிடைக்கவில்லை. 'மனசு மாறித் திரும்புவாயோ' என்ற வரியை ஒரே மூச்சில், எங்கும் நிற்காமல், அந்த நி வழியாக இறங்கும்படி அமைத்தேன். மற்ற வரிகள் எல்லாம் அந்த ஒரு வரிக்காகத்தான். அதற்கு வருடக்கணக்கில் ஆனது.

கொலு வீட்டில்

சுமதி ஹனூர்க்காரி. அடுத்த தெருவில் வீடு. எங்கள் லேஅவுட்டில் இருக்கிற தமிழ்ச் சங்கத்துக்குச் செயலாளர். அவள் கணவரும் என் கணவரும் நஞ்சன்கூட்டில் ஒரே தொழிற்சாலையில் வேலை.

போன தசராவுக்கு அவள் வீட்டில் கொலு வைத்திருந்தாள். ஹனூர்ப் பக்கம் யாரும் பொம்மை வைத்து நான் பார்த்ததில்லை. மைசூருக்கு வந்துவிட்டால் எல்லோர் வீட்டிலும் படி முளைத்துவிடுகிறது. கொலுவுக்குப் போனால் பாட வேண்டும், பாடினால்தான் சுண்டல். பாடத் தெரியாதவர்கள் பாடியே தீருவார்கள். தெரிந்தவர்கள் தயங்குவார்கள்.

அந்த வாரம்தான் பாட்டு முடிந்திருந்தது. தொண்டையிலேயே நின்றிருந்தது. சுமதி "அக்கா, பாடுங்க அக்கா" என்றதும் அதையே பாடிவிட்டேன். முதல் வரிசைப் பெண்கள் குங்குமச் சிமிழ்களை ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சுமதி மட்டும் போனை என் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"மனசு மாறித்" என்று ஏறிய இடத்தில், சமையலறையில் குக்கர் விசிலடித்தது. மறுநாள் சுண்டலுக்குக் கொண்டைக்கடலை. நான் நிறுத்தினேன். விசில் அடங்கட்டும் என்று காத்திருந்தேன். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "திரும்புவாயோ" என்று தொடர்ந்தேன்.

சமுதாயக்கூடத்துப் படியில் நின்றபோது எனக்கு இது முழுதாக விளங்கியது. அவர்கள் சுமதி போனில் பிடித்த அந்தப் பதிவைக் கேட்டுத்தான் பாடம் செய்திருக்கிறார்கள். விசில் சத்தத்தை எப்படியோ நீக்கிவிட்டார்கள். அதற்கெல்லாம் இப்போது வசதி வந்துவிட்டது. விசில் போன பிறகு அந்த இடத்தில் மிஞ்சிய ஓட்டையை மூட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. என் கனைப்பை இரைச்சல் கணக்கில் சேர்க்காமல் விட்டதற்கு நான் அந்தக் கருவிக்கு நன்றி சொல்ல வேண்டும் போலிருக்கிறது.

மாடிக்குப் போனேன்.

"பாட்டைக் கேக்கறோமுங்க"

"அக்கா! வாங்கோ, வாங்கோ. ஏ, அக்காவுக்கு ஒரு சேர் போடுங்க. காபி ஆய்த்தா அக்கா, குடிச்சாச்சுங்களா?" என்றாள் சுமதி. "பொங்கல் விழாவுல சர்ப்ரைஸ் குடுக்கலாம்னு இருந்தமுங்க. நீங்களே வந்து கேட்டுட்டீங்களே!"

"யாரைக் கேட்டு இதை எடுத்தே, சுமதி?"

"ஏனுங்க இப்படிச் சொல்றீங்? அண்ணனைக் கேட்டமுங்களே. போன் போட்டுக் கேட்டமுங்க. நெம்ப சந்தோசம்னாரு."

"எந்த அண்ணனை?"

"நம்ம அண்ணனைத்தானுங்க" என்றாள். அதாவது என் கணவரை.

வீட்டுக்கு வந்தேன். என் கணவர் பழனிசாமி அப்போதுதான் நஞ்சன்கூட்டு ரயிலிலிருந்து இறங்கி வந்து சாக்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"சுமதி உங்களுக்குப் போன் பண்ணாளா?"

"பண்ணுச்சு. தசராவுக்கு அப்புறம், எப்பவோ."

"என்ன சொன்னா?"

"'அண்ணா, அக்கா பாட்டைக் கேக்கறோமுங்க'ன்னுச்சு. 'கேளும்மா, தாராளமாக் கேளு, நெம்ப சந்தோசம்'னேன்."

"எதுக்குக் கேக்கறாங்கன்னு நீங்க கேக்கலையா?"

"பாட்டை எதுக்குக் கேப்பாங்க? காதுக்குத்தான். கேக்காதீங்கன்னா சொல்ல முடியும்? இத்தனை வருசத்துல உன்ற பாட்டைக் கேக்கறேன்னு ஒரு ஆளு சொல்லீருக்குது, அதையும் வெரட்டச் சொல்றியா?"

நம் மொழியில் கேட்பது என்றால் காது கொடுப்பதும் அதுதான், கை நீட்டுவதும் அதுதான். கன்னடத்துக்குப் போய்த் தப்பிக்கலாம் என்றால் அங்கேயும் 'கேளு' இரண்டு வேலையும் செய்கிறது. சுமதி பாட்டைக் கேட்டாள். என் கணவர் பாட்டைக் கேட்கச் சொன்னார். இருவருமே பொய் சொல்லவில்லை. எனக்குக் கோபப்பட ஆள் இல்லாமல் போயிற்று. இதைப் போல எரிச்சல் தருவது வேறெதுவும் இல்லை.

"வேண்டாம்னு சொல்லீரு. முடிஞ்சுது" என்றார் பழனிசாமி, மற்றொரு சாக்ஸைக் கழற்றியபடி.

சொல்லலாம். சொன்னால் அவர்கள் ஒரு சினிமாப் பாட்டுக்குப் போய்விடுவார்கள், வருத்தப்படக்கூட மாட்டார்கள். என் பாட்டு மறுபடியும் என் தொண்டையில் வந்து உட்கார்ந்துகொள்ளும். என் வாழ்க்கையில் முடிந்த பாட்டு அது ஒன்றுதான். வெளியே போகிறதென்றால் நான் அமைத்த வடிவத்திலும் என் பெயரிலும் போக வேண்டும். இரண்டும் கிடைக்காவிட்டால் ஒன்றாவது கிடைக்க வேண்டும். அதற்குக் குறைந்து சம்மதிப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டேன்.

சந்தில் இருக்கிற நி

மறுநாள் ஒத்திகைக்கு நானே போனேன். முதலில் கீபோர்டுக்காரரிடம்.

"இந்த இடத்துல வர்ற நி கொஞ்சம் கீழே இருக்கணும்."

அவர் ஒரு வெள்ளைக் கட்டையை அழுத்தினார். "இதா மேடம்?"

"இதுக்குக் கீழே."

கறுப்புக் கட்டையை அழுத்தினார். "இதா?"

"அதுக்கு மேலே. ரெண்டுக்கும் நடுவுல."

குனிந்து கட்டைகளைக் கவனமாகப் பார்த்தார். "நடுவுல சந்துதான் மேடம் இருக்குது" என்றார்.

அவரை விட்டுவிட்டுப் பெண்களிடம் வந்தேன். "மனசு மாறி"க்கு அப்புறம் நிறுத்தக் கூடாது, அது குக்கர் விசிலுக்காக நான் நின்றது என்று விளக்கினேன். நான் வேடிக்கையாகப் பேசுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார்கள். விசில் மாதிரி வாயால் ஊதியும் காட்டினேன். இன்னும் சிரித்தார்கள். அவர்களில் ஒரு பெண், புதிதாகக் கல்யாணமாகி வந்தவள், "அக்கா, அந்த எடத்துல நிக்கறப்பத்தானுங்க எனக்கு அழுகையே வருது" என்றாள்.

"விசிலுக்கா அழறே?"

"விசிலோ என்னவோங்க. மேகம் நின்னு யோசிக்கற மாதிரி இருக்குதில்லீங்?"

மேகம் யோசிக்கிறதாம். அது யோசிப்பதற்கென்று நான் வருடக்கணக்கில் உட்கார்ந்து ஒரு நி தயார் செய்து வைத்திருக்கிறேன். அதைக் கீபோர்டுச் சந்தில் போட்டுவிட்டு, கடலை வெந்த நேரத்துக்குக் கண்ணீர் விடுகிறார்கள்.

நிறுத்தாமல் பாட வைத்துப் பார்த்தேன். பாதிப் பேர் பழக்கத்தில் நின்றார்கள், பாதிப் பேர் ஓடினார்கள், ஒருவருக்குப் புரையேறியது. "கனைப்பையாவது விட்டுருங்க" என்றேன்.

"ஐயோ, அதை விட்டா எங்க எடுக்கறதுன்னே தெரியாதுங்க அக்கா" என்றாள் சுமதி. "வர்ற ஞாயித்துக்கெழமை பங்க்ஷன். பழகிப்போச்சு. திருப்பி இப்பப் போய் மாத்துனா எல்லாங் கொழம்பிரும்."

வடிவம் போயிற்று. பெயர் மிச்சம்.

"அப்ப ஒண்ணு செய். பாட்டுக்கு முன்னாடி என் பேரைச் சொல்லணும். மைக்குல. போட்டது நான்னு."

"இதென்னங்க அக்கா, சொல்லாம இருப்பமா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். உண்மையாகவே சொன்னாள், அதில் எனக்குச் சந்தேகமில்லை.

மைக்கில் என் பெயர்

பொங்கல் விழாவைத் தொகுத்து வழங்கியவர் டை கட்டிய ஒரு மென்பொருள் இளைஞர். தமிழ்க் குடும்பம்தான், தமிழ் பேசுவார், படிக்க வராது. ஆகவே சுமதி அவருக்கான குறிப்புகளைக் கன்னட எழுத்தில் எழுதித் தந்திருந்தாள். என் பாட்டுக்கு உரியதை விழா தொடங்கும் முன் நானே வாங்கிப் பார்த்தேன். "மலை தாண்டிப் போன மேகமே. இயற்றியது பாக்கியம்." பிழை இல்லை. திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

முன்வரிசையில் எனக்கு ஒரு பக்கம் பழனிசாமி. மறுபக்கம் சங்கத் தலைவர். கொள்ளேகால் பக்கத்துக்காரர், வியாபாரத்தை மகன்களிடம் விட்டவர், பட்டு வேட்டி.

பெண்கள் ஒரே நிறப் புடவையில் வந்து நின்றார்கள். இளைஞர் மைக்கைப் பிடித்தார். குறிப்பைப் பார்த்தார். ஒரு கணம் முகம் சுருங்கியது. பிறகு புரிந்துவிட்டதைப் போல மலர்ந்தது.

"அடுத்து வர்றது ஒரு அற்புதமான பாட்டு! இந்த மாதிரி ஒரு பாட்டை இயற்றியது பாக்கியம்! இதைக் கேக்கறது நம்ம எல்லாருக்குமே பாக்கியம்! ஜோரா ஒரு கைதட்டு!"

கூடம் கைதட்டியது.

என் பெயர் இரண்டு முறை மைக்கில் சொல்லப்பட்டது. ஒரு முறை சரியான இடத்திலேயே சொல்லப்பட்டது. இதில் புகார் செய்ய எதுவுமில்லை. அந்த இளைஞரையும் குறைசொல்ல மாட்டேன். அவர் வயதில் யாருக்கும் பாக்கியம் என்று பெயர் கிடையாது. பெண் குழந்தைகளுக்கு அர்த்தமுள்ள பெயராகப் பார்த்து வைக்கிறவர்களுக்கு மட்டும் ஒன்று சொல்லிக்கொள்கிறேன்: வேண்டாம்.

பழனிசாமி என் பக்கம் சாய்ந்தார். முகமெல்லாம் சந்தோஷம். "சொல்லீட்டாங்கல்ல?" என்றார்.

பாட்டு ஆரம்பித்தது. கீபோர்டு வெள்ளைக் கட்டை நியையே வாசித்தது. "மனசு மாறித்" என்று ஏறினார்கள். நின்றார்கள்.

கூடம் முழுவதும் அடங்கியது. பின்வரிசையில் பாயசம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர்கள்கூட நிறுத்தினார்கள். மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. பந்தல் பந்தலாகப் போய் நான் தேடிய நிசப்தம் அதுதான். பெரிய வித்வான்கள் பல்லவி பாடியும் வாங்க முடியாத அந்த நிசப்தத்தை ஒரு கிலோ கொண்டைக்கடலை வாங்கிவிட்டது.

"ஹ்க்கும்" என்று கனைத்தார்கள். "திரும்புவாயோ."

"ஆகா!" என்றார் தலைவர். என் பக்கம் திரும்பினார். கண் கலங்கியிருந்தது. "அந்த எடத்துல நிறுத்துனாங்க பாத்தீங்ளா அம்மிணி? பழைய பாட்டுக்கு அதுதானுங்க அடையாளம். இப்பப் போடற பாட்டுல இதெல்லாம் ஏது? என்ற அம்மா களையெடுக்கறப்ப இதைப் பாடுவாங்க."

"இதே பாட்டா?"

"இதே பாட்டுத்தானுங்க."

"அந்த நிறுத்தம்?"

"அதே நிறுத்தந்தான்."

"கனைப்பு?"

கொஞ்சம் யோசித்தார். "கனைப்புந்தானுங்க" என்றார்.

இதற்கு மேல் பொறுக்க எனக்கு அவசியமில்லை. "இது என் பாட்டுங்க" என்றேன், அவர் காதருகில், தெளிவாக.

அவர் என் கைமேல் தட்டிக்கொடுத்தார். "ஆமாங்கம்மிணி. நல்ல பாட்டுன்னா அப்படித்தான். கேக்கற ஒவ்வொருத்தருக்கும் நம்ம பாட்டுன்னுதான் தோணும்."

மேடையில் கடைசி வரிக்கு வந்திருந்தார்கள். கூடம் எழுந்து நின்று தட்டியது. தலைவரும் எழுந்தார். பழனிசாமியும் எழுந்தார். உட்கார்ந்திருந்தால் பொறாமை என்று நினைப்பார்களே என்று நானும் எழுந்து தட்டினேன்.

மறுநாள் காலையில் காபி குடித்து முடித்து, வழக்கம்போல நாற்காலியில் உட்கார்ந்தேன். கேட்பதற்கு எதையும் போடவில்லை. எரிச்சல் அடங்காமல் காதுக்குள் இரைந்துகொண்டிருந்தது. வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். எழுந்தபோது ஒரு பல்லவி வந்திருந்தது. இரண்டு நாளில் அனுபல்லவியும் வந்தது. என் அனுபவத்தில் இவ்வளவு வேகமாக எதுவும் வந்ததில்லை.

அந்த வாரக் கடைசியில் தலைவர் கரும்பும் வாழைப்பழமுமாக வீட்டுக்கே வந்துவிட்டார். பழனிசாமி நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"அந்தப் பாட்டு உங்ககிட்டத்தான் இருந்துச்சுன்னு சுமதி சொல்லுச்சுங்க. உங்களை மாதிரி நாலு பேரு இருக்கறதுனாலதான் அதெல்லாம் அழியாம இருக்குது. அடுத்த வருசத்துக்கு இன்னொன்னு அதே மாதிரி வேணுமுங்க. புதுசெல்லாம் வேண்டாம். பழைய பாட்டா ஒண்ணு இருக்குதுங்களா?"

பழனிசாமி என்னைப் பார்த்தார். நான் தலைவரைப் பார்த்தேன்.

"இருக்குதுங்க" என்றேன். "நெம்பப் பழசு."

"அப்ப ஒரு தடவை பாடிக் காட்டுங்க அம்மிணி, கேக்கறேன்" என்று வேட்டியைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இன்னைக்கு முடியாதுங்க" என்றேன். "இன்னும் சரணம் போடலை."